பின்வளவுக்கு ஒரு செரி மரம்

1

எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு செரிக் கண்டு வைப்பதற்கு எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருசம் எடுத்தது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கண்டை வாங்கி வந்து, கிடங்கு கிண்டி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் முடிகிற அலுவல். சுவிசிலும் பெரும்பாலான ஆட்களுக்கு அது அவ்வளவுதான். எங்களுக்கு மட்டும் அந்த ஒரு மரத்துக்குள் என் குடியுரிமை, பக்கத்து வீட்டு மனிதர், மகளின் போக்கு எல்லாம் வந்து சிக்கிக்கொண்டன. போன கிழமை அந்த மரம் முதல் தடவையாகப் பூத்தது. ஐந்தாறு பூக்கள்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் இருப்பது ஆரா நகரத்துக்குக் கிட்ட ஒரு கிராமத்தில். வரிசையாகக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு. நான் ஆராவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என் கணவர் சிவநேசன் ஒரு ஆஸ்பத்திரியின் குசினியில் சமையல்காரர். மகள் ஆரணி இங்கேயே பிறந்தவள். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

பின்வளவின் எல்லையோரம் முந்தைய சொந்தக்காரர் வைத்த பேர்ச் மரம் ஒன்று நின்றது. அந்த ஏப்ரலில் தளிர் விட்ட பிறகு ஈரப்பனி கொட்டியது. பாரம் தாங்காமல் மரம் நடுவில் முறிந்து விழுந்தது. வெட்டி அகற்றிய பிறகு வளவு மொட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு செரி வைப்போம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

அதே கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் என் பெயர் வந்தது. எங்கள் கிராமத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களின் பெயரைப் பத்திரிகையில் போடுவார்கள். அதைப் பார்த்து ஊரில் யாரும், ஆதரவாகவோ எதிராகவோ, கெமைண்டே என்று இங்கே சொல்கிற கிராமசபைக்கு எழுதலாம். அதற்கென்று ஒரு தவணை, காலக்கெடு, உண்டு. பிறகு நேர்முகம். கடைசியில் கிராமத்து வாக்காளர்கள் எல்லோரும் கூடி, கை உயர்த்தி முடிவுசெய்வார்கள். என் கணவர் விண்ணப்பிக்கவில்லை. இருக்கிற அனுமதி போதும், பரீட்சையும் நேர்முகமும் தனக்குச் சரிவராது என்று விட்டுவிட்டார். ஆரணி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தனியாக எடுத்துவிட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் அந்த முறை பத்திரிகையில் கிடந்தது என் பெயர் ஒன்றுதான்.

2

எந்த மரம் என்பதில் எங்களுக்குள் முதலிலேயே இழுபறி. எனக்கு உயர்ந்த மரம் வேண்டும். கோடையில் கதிரை போட்டு அதன் கீழே இருக்க வேண்டும். இவருக்குக் குட்டை மரம்தான். இவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி மனு விசாரணையில் இருந்த காலத்தில், ஒரு கோடை முழுக்கச் செரித் தோட்டத்தில் பழம் பிடுங்கியவர். வீட்டு முகடு உயரத்துக்கு ஏணி வைத்து, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு ஏறவேண்டுமாம். அந்த ஏணிகளில் நின்று கால் நடுங்கிய ஆளுக்கு உயர்ந்த மரம் என்றாலே ஆகாது.

“நிண்டு கைக்கெட்டுற உயரத்தில பிடுங்கக்கூடிய மரமெண்டால் வைப்பம். இல்லாட்டி குருவிதான் தின்னும்,” என்றார்.

சும்மா இடம் பார்ப்பதற்காக, பேர்ச் நின்ற இடத்தில் ஒரு மூங்கில் தடியை ஊன்றினேன். சனிக்கிழமை முற்பகல். வேலியின் அந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டு ஹெர் ஹூபர், அதாவது திரு ஹூபர், வந்து நின்றார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். அவருடைய வளவிலும் ஒரு செரி மரம் உண்டு. வயதான, கறுத்த பட்டை உரிந்த மரம். மூன்று வருசமாக அவருக்கும் எங்களுக்கும் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு கதையும் இல்லை.

அவர் கையில் அளவு நாடா இருந்தது. வேலியிலிருந்து தடி வரைக்கும் நாடாவை இழுத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, வாய்க்குள்ளேயே சுவிஸ் ஜெர்மன் பேச்சுவழக்கில் ஏதோ சொன்னார். எங்கள் முதியோர் இல்லத்துக் கிழவர்களின் பேச்சு எனக்கு விளங்கும். ஆனால் அவர்கள் என்னைப் பார்த்துச் சொல்வார்கள். ஹெர் ஹூபர் நாடாவைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான். ‘ஆன்ஷ்டாண்ட்.’ மரியாதை, பண்பு. பண்பு இல்லை என்றோ, பண்பு வேண்டும் என்றோ சொல்கிறார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. முழுக் கிழமையும் இரண்டு பேருடைய வேலையை ஒருத்தியாகச் செய்துவிட்டு வந்திருந்தேன். பத்திரிகையில் பெயர் வந்த நாளிலிருந்து நித்திரையும் சரியாக இல்லை. நான் அவருக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனில், தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“பண்பை நான் உங்களிடம் படிக்கத் தேவையில்லை. உங்கள் வயது ஆட்களைத்தான் ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டி விடுகிறேன். ஒருவரும் எனக்கு இதுவரை இப்படிச் சொன்னதில்லை.”

அவர் என்னையே பார்த்தபடி நாடாவைச் சுருட்டினார். “சோ,” என்றார். இங்கே அந்த ஒரு சொல்லுக்குள் எதையும் வைக்கலாம். திரும்பி உள்ளே போய்விட்டார்.

எங்கள் குசினிக்குள் போனால் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “உமக்கு என்ன விசரே? பேப்பரில பேர் கிடக்கிற நேரத்தில பக்கத்து வீட்டானோட வாயைக் குடுக்கிறீர்?”

சன்னலோரம் நின்ற ஆரணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“அம்மா, அவர் ஆன்ஷ்டாண்ட் எண்டு சொல்லேல்லை. அப்ஷ்டாண்ட். இடைவெளி. எல்லையில இருந்து மரத்துக்கு இடைவெளி காணாது எண்டு சொன்னவர். அது இங்க சட்டம். பெரிய மரத்தை வேலிக்குக் கிட்ட வைக்க ஏலாது.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

3

அதற்குப் பிறகு வந்த கிழமைகளை எப்படிச் சொல்வது? வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்குப் போனோம், வந்தோம். ஆனால் தவணை முடிகிறவரைக்கும் ஹெர் ஹூபர் ஒரு தாளை எடுத்து, நான்கு வரி எழுதி, கெமைண்டேக்கு அனுப்பலாம். அண்டை வீட்டுக்காரரிடம் கத்துகிற பெண், ஊர் வழக்கம் தெரியாதவள் என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. அவர் வாசலில் இறங்கிப் போகும் நேரமெல்லாம் கையில் கடித உறை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். இவர் விடவில்லை. இப்போது போனால் விண்ணப்பத்துக்காகத்தான் வருகிறேன் என்று நினைப்பார், பேசாமல் இருந்தால் மறந்தாலும் மறப்பார் என்றார். மூங்கில் தடியை அன்றைக்கே பிடுங்கி எறிந்துவிட்டார். சன்னலைத் திறந்து வைத்து மீன் பொரிப்பதையும் நிறுத்தச் சொன்னார். நாங்கள் இந்த நாட்டில் இருக்கிற விதமே அப்படித்தான். மத்தியான நேரத்தில் புல் வெட்டும் மெசினைப் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தல்களைச் சேகரிப்புத் தொட்டியில் போடப் போவதில்லை. விருந்தாளிகள் வந்தால் வாசலில் நின்று கதைக்க விடுவதில்லை. ஒருவரும் எங்களைப் பற்றி ஒரு குறை சொல்லக்கூடாது. அந்த ஒழுங்கில் முப்பது வருசம் போய்விட்டது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆரணி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள். “நீங்கள் வீடு வாங்கினனீங்கள். ஆனா வாடகைக்கு இருக்கிற ஆக்களை விடப் பயந்து இருக்கிறீங்கள்.”

இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அவர் எழும்பிய பிறகுதான் அவள் மற்றதைச் சொன்னாள். ரெனானில் வேலை கிடைத்திருக்கிறது. லௌசானுக்குப் பக்கம், பிரெஞ்சு பேசுகிற இடம். அங்கேயே வீடு எடுத்து இருக்கப் போகிறாள்.

“எப்ப போறாய்?” என்று கேட்டேன்.

“வேலை புது வருசத்தோட. நவம்பரில உங்கட வாக்கெடுப்பு இருக்கு. எனக்கு இந்த ஊரில வாக்கு இருக்கு. அது முடிஞ்சு போறன்.”

நான் ஜெர்மனையே இந்தப் பாடுபட்டுத்தான் கதைக்கிறேன். இனி அவள் என் காதுக்கு எட்டாத மூன்றாவது மொழி ஒன்றுக்குள் போகப் போகிறாள். அவளோடு படித்த பிள்ளைகள் இப்போதே எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மேலே போய்விடுவேன். அங்கே போனால் அதுவும் இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. நல்ல வேலையா என்று மட்டும் கேட்டேன். ஓம் என்றாள்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது ஊரில் அப்பா நடத்திய வழக்கு. எங்கள் காணிக்கும் பக்கத்துக் கணபதிப்பிள்ளை அண்ணையின் காணிக்கும் இடையில் நின்ற ஒரு வேப்பமரம் யாருடையது என்று இரண்டு பேரும் வருசக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். வேலி அடைக்கிற காலம் வந்தால் கதியால் தடிகளை யார் எங்கே ஊன்றுவது என்று காலையிலேயே சத்தம் தொடங்கும். அப்பா பேசாத பேச்சில்லை. அவரும் விட்டதில்லை. ஆனால் யுத்தத்தில் இடம்பெயர்ந்து எல்லோரும் நடக்கத் தொடங்கிய அன்று, அப்பாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போனபோது, சைக்கிளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனது கணபதிப்பிள்ளை அண்ணைதான். வழியெல்லாம் வழக்கைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு போனார்களாம். வழக்கு முடியவேயில்லை. கோர்ட்டும் இல்லாமல் போய்விட்டது.

தவணை முடிந்தது. கெமைண்டேயிலிருந்து ஒன்றும் வரவில்லை. யாராவது எழுதினார்களா, எழுதவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

4

செப்டம்பரில் இவர் ஓரளவு மனம் ஆறி, கண்டுகள் விற்கிற பண்ணைக்குப் போய்ப் பார்ப்போம் என்றார். வைக்கிறதுக்கு இல்லை, பார்க்கிறதுக்கு. மூன்று பேருமாகப் போனோம்.

பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் எங்களைக் கண்டுகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் தேவையைச் சொன்னோம். முதலில் உயரத்தைப் பற்றிக் கதைத்தாள். செரி எவ்வளவு வளரும் என்பது பழத்தின் இனத்தை மட்டும் பொறுத்தது அல்லவாம். கீழே எந்த அடிமரத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதே பழம், வீட்டுக் கூரைக்கு மேலே போகிற மரத்திலும் கிடைக்கும், கைக்கெட்டுகிற மரத்திலும் கிடைக்கும். சின்ன வளவுக்கும் எல்லைச் சட்டத்துக்கும் குட்டை அடிமரம்தான் வசதி என்றாள். இவர் என்னைப் பார்த்தார். நான் விட்டுக்கொடுத்தேன்.

பிறகு மழை. பழுக்கிற நேரம் மழை பெய்தால் செரி வெடிக்கும். எங்கள் பக்கம் யூலையில் மழைதான் என்றால் தோல் கெட்டியான இனம் எடுக்க வேண்டும். பிறகு பழத்துக்குள் முட்டையிடுகிற ஒரு சின்ன ஈ. பிந்திப் பழுக்கிற மரத்துக்கு அது கூடுதலாக வரும். ஆகவே நேரத்தோடு பழுக்கிறது நல்லது. ஆனால் நேரத்தோடு பூக்கிற இனம் என்றால் ஏப்ரல் குளிரில் பூ கருகும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. ஆரணி கைபேசியில் குறித்துக்கொண்டு வந்தாள்.

கடைசியாக அந்தப் பெண் கேட்டாள். “பக்கத்தில் வேறு செரி மரம் இருக்கிறதா?”

இருக்கிறது, பக்கத்து வளவில், என்றேன்.

அப்படியென்றால் நல்லது என்றாள். பெரும்பாலான செரிகள் தனியாக நின்றால் காய்க்காது. இன்னொரு இனம் அதே நேரத்தில் பூத்து, தேனீ அங்கேயும் இங்கேயும் போய்வர வேண்டும். பக்கத்து மரம் எந்த இனம், எப்போது பூக்கிறது என்று தெரிந்தால் அதற்குப் பொருந்துகிறதைத் தரலாம். இல்லாவிட்டால் தன்பாட்டில் காய்க்கிற இனங்கள் சில இருக்கின்றன. தெரிவு குறைவு.

“பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாருங்களேன்,” என்றாள்.

காரில் திரும்பி வந்து வீட்டை நெருங்கும்போது இவர் சொன்னார். “தன்பாட்டில காய்க்கிறதை எடுப்பம். ஆரையும் கேக்கத் தேவையில்லை.”

5

நேர்முகம் அக்டோபரில் வந்தது. கெமைண்டே கட்டடத்தில் ஒரு அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கிராமசபைத் தலைவி. தெருவில் கண்டால் சிரிக்கிற மனிசிதான். அன்று சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்பு அளவாக இருந்தது.

நான் கேள்விகளைப் பாடமாக்கியிருந்தேன். மாநிலங்கள், வாக்கெடுப்பு முறை, கிராமத்து ஓடையின் பெயர். வேலையைப் பற்றிக் கேட்டார்கள். ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்டார்கள். திரிம்பாக் ஊரிலுள்ள எங்கள் தமிழ்க் கோயிலுக்குப் போவேன் என்றேன். கிராமத்து விழாக்களுக்கு வருவதுண்டா என்று கேட்டார்கள். ஒருமுறை வந்தேன் என்றேன். அதை எழுதினார்கள்.

பிறகு இடப்பக்கம் இருந்த ஆண், கொஞ்சம் சரிந்து இருந்தபடி கேட்டார். “அண்டை வீட்டாரோடு எப்படிப் பழகுகிறீர்கள்?”

அதற்கும் பதில் தயாராக இருந்தது. நல்லது, எல்லாம் நல்லது, ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த முப்பது வருசத்தில் எத்தனை அரசாங்கக் கந்தோர்களில் சொன்ன பதில் அது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர்கள் கையில் ஹெர் ஹூபரின் கடிதம் இருந்தால்? இருக்கிறதா என்று அவர்களின் முகங்களில் தேடினேன். தெரியவில்லை. அந்தத் தேடலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“ஒருவரோடு சண்டை,” என்றேன்.

தலைவியின் பேனா நின்றது. எதைப் பற்றி என்று கேட்டார். செரி மரத்தைப் பற்றி என்றேன். நடந்ததைச் சொன்னேன். இடைவெளி என்று ஹெர் ஹூபர் சொன்னதைப் பண்பு என்று நான் கேட்டதையும் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“அது இப்போது தீர்ந்துவிட்டதா?” என்று தலைவி கேட்டார்.

“இல்லை. நான் இன்னும் போய்க் கதைக்கவில்லை. பயம்.”

“ஹெர் ஹூபரிடமா பயம்?”

“இல்லை,” என்றேன். “உங்களிடம்.”

நான் சொன்ன ஜெர்மன் சரியாகத்தான் இருந்தது. அதில் ஒரு சொல்லும் மாறி விழவில்லை. தலைவி பேனாவை மேசையில் வைத்தார். பிறகு எடுத்து, பழைய பேட்டரிகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அன்றைக்கு முழுக்க வளவைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். ஆரணி மட்டும் வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அப்படி நிற்பாள்.

6

வாக்கெடுப்பு நவம்பர் கடைசியில், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில். வரிசையாகக் கதிரைகள். வாக்கில்லாதவர்களுக்கு ஓரமாகத் தனி இடம். நானும் இவரும் அங்கே இருந்தோம். ஆரணி கிராமத்து ஆட்களுக்கு நடுவே போய் இருந்தாள். அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் ஹெர் ஹூபர், மேல்கோட்டைக் கழற்றாமல்.

வீதித் திருத்தம், தண்ணீர்க் குழாய் எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. தலைவி என் பெயரை வாசித்தார். அவர் நாக்கில் அது ஒரு இடத்தில் இடறியது, திரும்ப வாசித்தார். நான் எழுந்து நின்றேன். எல்லாத் தலைகளும் திரும்பின. பிறகு வழக்கப்படி என்னை வெளியே போகச் சொன்னார்கள். என்னைப் பற்றி அவர்கள் கதைப்பதையோ கை உயர்த்துவதையோ நான் பார்க்கக்கூடாது. இவரும் என்னோடு எழும்பி வந்தார்.

வெளியே நடைபாதை. பிள்ளைகளின் உடுப்புக் கொளுவிகள் என் இடுப்பு உயரத்தில் வரிசையாக இருந்தன. கதவு கனமான கதவு, ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு ஒரு ஆணின் குரல் தனியாக, நீளமாகக் கேட்டது. சொல் விளங்கவில்லை. இவர் கதவுக்குக் கிட்டப் போய்க் காதை வைத்தார். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்.

“ஹூபரின்ர குரலோ?” என்று கேட்டேன்.

“தெரியேல்லை,” என்றார். என் கையைப் பிடித்தார். நாங்கள் வெளியிடத்தில் கை பிடிக்கிற ஆட்கள் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கதவு திறந்தது. ஒரு இளம்பெண் தலையை நீட்டி, உள்ளே வாருங்கள் என்றாள். உள்ளே போனதும் கை தட்டினார்கள். எல்லோரும் தட்டவில்லை, ஆனால் போதுமான ஆட்கள் தட்டினார்கள். தலைவி வந்து கை கொடுத்தார். நான் நன்றி சொன்னேனா என்பதே இப்போது நினைவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று மட்டும் அறிய வேண்டியிருந்தது.

காரில் ஏறியதும் ஆரணி சொன்னாள். கதைத்தது ஹெர் ஹூபர் இல்லை, வேறொருவர். வெளிநாட்டுக்காரர் கூடிவிட்டார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறவராம். எதிராகச் சில கைகள் உயர்ந்தன. பெரும்பான்மை ஆதரவு.

“ஹூபர்?” என்றார் இவர்.

“அவர் எதுக்கும் கை உயர்த்தேல்லை. ஓம் எண்டதுக்கும் இல்லை, இல்லை எண்டதுக்கும் இல்லை. மடியில கையை வைச்சுக்கொண்டு இருந்தவர். நான் அவரையே பாத்துக்கொண்டிருந்தனான்.”

அவளுக்கு அவர்மீது ஆத்திரம். எனக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வென்றுவிட்டேன். ஆனால் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

7

ஜனவரியில் ஆரணி போனாள். தன் சாமான்களை ஒரு வானில் ஏற்றிக்கொண்டு, வந்து இறக்கித் தருகிறோம் என்றதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன அதே கிழமை, ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பி இறங்கி, ஹெர் ஹூபரின் வீட்டு மணியை அடித்தேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பலகாரமாக ரோல்ஸ் செய்து கொண்டுபோவோமா என்று முதலில் யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன்.

கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்ன சொல், நான் கேட்ட சொல். அவர் இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

“நான் எழுத்து ஜெர்மனில் சொல்லியிருக்கவேண்டும்,” என்றார். “நீங்கள் கேட்டிருக்கவும் வேண்டும்.”

ஓம் என்றேன். பிறகு, கேட்காமல் திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஏன் கை உயர்த்தவில்லை என்று கேட்டேன்.

அவர் கதவு நிலையில் சாய்ந்தார். “எதிராகவும் உயர்த்தவில்லை.”

“தெரியும்.”

“மூன்று வருசமாகப் பக்கத்தில் இருக்கிறீர்கள். காலை வணக்கம் சொல்வீர்கள், கதவைச் சாத்துவீர்கள். என் மனைவி செத்தபோது தபால் பெட்டியில் ஒரு அனுதாப அட்டை போட்டீர்கள், மணி அடிக்கவில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கோபம் வந்தால் நன்றாகக் கத்துவீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் எந்தக் கையை உயர்த்துவது? தெரியாத ஆளுக்கு நான் வாக்குப் போடுவதில்லை.”

எனக்கு வந்தது கோபமா, வெட்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று நாங்கள் இருந்த இருப்பு அந்தப் பக்கத்திலிருந்து இப்படித் தெரிந்திருக்கிறது. அந்த அட்டையைப் போட்ட அன்று, மணி அடித்தால் ஆளுக்குத் தொந்தரவு என்று நானும் இவரும் வாசலில் நின்று யோசித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை. தமிழில் என்றாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது.

“உங்கள் மரம் எப்போது பூக்கும்?” என்று கேட்டேன்.

அவர் என்னைத் தாண்டி நடந்து, செருப்போடு ஈரப் புல்லில் இறங்கினார். நான் பின்னால் போனேன். மரத்தடியில் நின்று பட்டையைத் தட்டிக் காட்டினார். உள்ளே உக்கிக் கோறை விழுந்துவிட்டது, இன்னும் ஒரு புயலுக்குத் தாங்காது, அடுத்த மாரிக்குள் வெட்டிவிடுவேன் என்றார். மனைவி இருந்தவரை வெட்ட விடவில்லையாம்.

“இதை நம்பி மரம் வாங்காதீர்கள். தன்பாட்டில் காய்க்கிறதாக ஒன்று வாங்குங்கள். பிந்திப் பூக்கிறதாக. இந்தப் பள்ளத்தில் குளிர் வந்து தேங்கும்.”

அவ்வளவு குறிப்பாக ஒருவர் எங்கள் வளவைப் பற்றிச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

8

மார்ச்சில் வாங்கினோம். குட்டை அடிமரம், தன்பாட்டில் காய்க்கிற இனம், கொஞ்சம் பிந்திப் பூக்கிறது, தோல் கெட்டியான கறுத்தப் பழம். ஆரணியைக் கைபேசியில் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் வேலை இடத்தில் நின்றாள். யாரோ அவளிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்க, அவள் எங்களைப் பார்த்தபடியே பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு, “நல்லா இருக்கு அப்பா, பழம் வந்தா வாறன்,” என்றாள். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருசம் பிடிக்கும் என்று இவர் சொல்லவில்லை.

இவர் கிடங்கு வெட்டினார். வேலியிலிருந்து இடைவெளியை நான் அளந்து, இன்னும் ஒரு முழம் கூடவே விட்டேன். ஹெர் ஹூபர் அந்தப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஒட்டு இருக்கிற இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும், புதைத்தால் மேலே ஒட்டிய மரம் தானே வேர் விட்டு உயரமாக வளர்ந்துவிடும் என்றார். இவர் தலையாட்டிக் கண்டை உயர்த்தினார். இவருக்கு அது முன்பே தெரியும். ஆனாலும் உயர்த்தினார்.

மண்ணை மிதித்து முடித்த பிறகு ஹெர் ஹூபர் இவரைப் பார்த்து, நல்ல ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “பத்திரிகையில் உங்கள் பெயரைக் காணவில்லையே?”

இவர் நிமிர்ந்தார். “இன்னும் இல்லை,” என்றார்.

“வந்தால், என்னிடம் கேட்பார்கள். எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கவேண்டும்.”

இவருக்கு அது விளங்கியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் என்னிடம் திரும்பி, “என்னவாம்?” என்றார்.

“உங்களைத் தெரியாதாம்.”

இவர் கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு போய்ப் பக்கத்துக் கேற்றைத் திறந்துவிட்டு, தன் குசினி ஜெர்மனில், “வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்,” என்ற மாதிரி ஏதோ சொன்னார்.

ஹெர் ஹூபர் வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டு, சொல்லாமலே தன் பூட்ஸைக் கழற்றினார். குசினியில், சன்னல் பக்கமாக இருந்தார். தேத்தண்ணியைக் குடித்து, இனிப்புக் கூடிவிட்டது என்றார். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. சன்னலால் தன் வீட்டைப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து அவர் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார்போலும்.

“என் கூரைத் தண்ணீர்ப் பீலி கோணலாகத் தொங்குகிறது,” என்றார். “இத்தனை வருசம் எனக்குத் தெரியாது. நீங்கள் ஒருவரும் சொல்லவில்லை.”

இவர் அவருடைய கோப்பையை வாங்கி, இந்த முறை சீனி குறைவாக, இன்னொரு தடவை ஊற்றினார்.